நோன்பு மாதமும் வலிப்பு நோய் மாத்திரையும்

(ரமழானை எதிர்நோக்கி, ஷஃபான் மாதத்தில் நமது பள்ளிவாசலில் இஷா தொழுகைக்குப் பின் நடைபெற்ற கூட்டத்தில் இமாம் ஹஜ்ரத் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

ரமழான் நெருங்கிவிட்டால் பள்ளிவாசல்களில் கேள்விகள் பெருகிவிடுகின்றன. நோன்பில் ஊசி போட்டுக் கொள்ளலாமா, கண்ணில் சொட்டு மருந்து விடலாமா, பற்பசை கொண்டு பல் துலக்கலாமா எனப் பலரும் சபையிலேயே எழுந்து கேட்பார்கள். ஆனால் ஒரு கேள்வி மட்டும் சபையில் எழுவதில்லை. அனைவரும் கலைந்து சென்ற பின் தூணோரமாக ஒருவர் தயங்கி நிற்பார். "ஹஜ்ரத், எங்க வீட்ல ஒரு புள்ளைக்கு அந்த மாத்திரை உண்டு. நோன்பு வச்சா நிறுத்திக்கலாமுல்ல?" என்று தணிந்த குரலில் கேட்பார். சர்க்கரை நோயின் பெயரை உரக்கச் சொல்கிறோம். இரத்தக் கொதிப்பின் பெயரைச் சிலர் பெருமையோடு கூடச் சொல்கிறோம். வலிப்பு நோய்க்கு மட்டும் "அந்த மாத்திரை". ஆகவே இன்று அப்பெயரை நாம் வெளிப்படையாகவே சொல்லிப் பேசுவோம்.

தூணோரம் கேட்கப்படும் அக்கேள்விக்கான விடையை முதலிலேயே கூறிவிடுகிறேன். கூடாது. வலிப்பு நோய் மாத்திரையை நோன்பிற்காகவோ வேறு எக்காரணத்திற்காகவோ மருத்துவரைக் கேட்காமல் நிறுத்துதல் கூடாது. அதன் காரணத்தை நாம் விளங்கிக் கொள்ள வேண்டும்.

காய்ச்சலுக்கு உண்ணும் மாத்திரையைப் போன்றதன்று இது. மூளையின் நரம்பணுக்கள் தமக்குள் மின் அலைகளால் செய்தி பரிமாறிக் கொள்கின்றன. அம்மின்னோட்டம் ஒரே நேரத்தில் கட்டுமீறிப் பாய்வதே வலிப்பு. இரத்தத்தில் மருந்தின் அளவு ஒரே சீராக இருக்கும் காலமெல்லாம் அந்த மீறல் தடுக்கப்படுகிறது. மருந்து திடீரென்று நின்றுவிட்டால், அதுவரை அடக்கி வைக்கப்பட்டிருந்தது முன்னிலும் வேகமாகக் கிளம்புகிறது. ஒரு வலிப்பு ஓயுமுன் மறு வலிப்பு, அதிலிருந்து நினைவு திரும்புமுன் இன்னொன்று என்று தொடர்ந்துவிட்டால் அது உயிருக்கே ஆபத்தான நிலை. மருத்துவரே மருந்தை நிறுத்த முடிவு செய்தாலும், பல வாரங்கள், சில வேளைகளில் பல மாதங்கள், சிறிது சிறிதாகக் குறைத்துத்தான் நிறுத்துவார்.

சில ஆண்டுகளுக்கு முன் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஊரும் பெயரும் வேண்டாம். இரு வேளை மாத்திரையால் ஈராண்டுகளாக வலிப்பே இன்றி இருந்த இளைஞர் அவர். தலைப்பிறையன்று தாமாகவே மாத்திரையை நிறுத்திவிட்டார். வீட்டாரிடம் சொல்லவில்லை; அல்லாஹ்வுக்காக நோன்பு நோற்கும்போது அல்லாஹ்வே காப்பான் என்று எண்ணியிருக்கிறார். நான்காம் இரவு தராவீஹ் தொழுகையின் ஸஃப்பில் நின்றவர் விழுந்தார். பள்ளியிலேயே இருமுறை வலித்தது; வண்டியில் ஏற்றிச் செல்லும் வழியில் மூன்றாம் முறை. பல நாட்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து, அல்லாஹ்வின் கிருபையால் பிழைத்து வந்தார். அவருடைய ஈமானில் குறையிருந்ததாக எவரும் கூற முடியாது. அவருக்குச் சொல்லப்பட்டிருக்க வேண்டிய ஒரு செய்தி எந்த மிம்பரிலிருந்தும் சொல்லப்படவில்லை, அவ்வளவே.

மார்க்கம் இதில் நம்மை நெருக்கடிக்கு உள்ளாக்கவில்லை. நோயாளிக்கும் பிரயாணிக்கும் நோன்பை விட்டு வேறு நாட்களில் நோற்கும் சலுகையை அல்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயமே தெளிவாக வழங்கியுள்ளது. நிரந்தர நோயினால் பின்னரும் நோற்க இயலாதவர், ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யாவைக் கொடுக்கலாம். அதன் அளவில் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. தனியே வந்து கேட்டால் விளக்குகிறேன். அல்லாஹ் தந்த சலுகையை ஏற்பதும் வணக்கமே. அதை மறுத்து உடலை அழித்துக் கொள்வதை எவரும் தக்வா என்று கருதிவிட வேண்டாம்.

அப்படியாயின் வலிப்பு நோய் உள்ளவர் எவருமே நோன்பு நோற்க முடியாதா? அப்படியும் அன்று. நம் பகுதியில் ஸஹர் முடிவிலிருந்து மஃரிப் வரை ஏறத்தாழ 13 முதல் 14 மணி நேரம். ஒரு நாளைக்கு ஒருமுறை அல்லது இருமுறை மட்டும் மாத்திரை உண்டு, நெடுங்காலமாக வலிப்பின்றி இருப்பவருக்கு, அவ்வேளைகளை இஃப்தாருக்கும் ஸஹருக்கும் மாற்றி அமைத்துத் தர மருத்துவரால் பெரும்பாலும் இயலும். ஆனால் மாற்ற வேண்டியவர் மருத்துவர். ஏனெனில் மருந்துக்கு மருந்து தன்மை வேறுபடுகிறது. கார்டினால் என்று நாம் அறிந்த பினோபார்பிடோன் உடலில் பல நாட்கள் தங்கக்கூடியது. லெவிடிரசிடம் என்னும் மருந்தோ ஆறு முதல் எட்டு மணி நேரத்திலேயே இரத்தத்தில் பாதியாகக் குறைந்துவிடும். முன்னதை இரவில் ஒருமுறை உண்பவருக்குப் பெரும் மாற்றமே தேவைப்படாது. பின்னதை உண்பவருக்கு 14 மணி நேர இடைவெளி நீண்டதாகிவிடலாம். மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகள் சில மருந்துகளில் உண்டு. மூன்று வேளை உண்பவரை இரு வேளைக்கு மாற்ற அவை உதவுகின்றன. அத்தகைய மாத்திரையை நசுக்கியோ மென்றோ உண்டால் நோக்கமே கெட்டுவிடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். இம்மாற்றங்கள் எல்லாம் ரமழான் பிறந்த பின் செய்யப்படுபவை அல்ல. உடல் பழகுவதற்கு நாட்கள் வேண்டும். எனவேதான் இப்பேச்சை ஷஃபானிலேயே வைத்துக் கொள்ளும்படி நிர்வாகிகளைக் கேட்டுக் கொண்டேன்.

அண்மையில் வலிப்பு வந்தவர்கள், இரண்டு மூன்று மருந்துகள் உண்டும் கட்டுப்படாதவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் மருத்துவர் வேண்டாமென்றால் நோன்பை விட்டுவிட வேண்டும். "டாக்டருக்கு என்ன தெரியும், அவர் நோன்பு வைப்பவரா?" என்று கேட்பதில் அர்த்தமில்லை. நோன்பைப் பற்றி அவர் தீர்ப்பளிக்கவில்லை. உங்கள் உடலைப் பற்றிச் சாட்சியம் கூறுகிறார். அச்சாட்சியத்தை வைத்துச் சட்டம் சொல்வதே எங்கள் வேலை.

இன்னொன்றையும் மறந்துவிடுகிறோம்: தூக்கம். மாத்திரை தவறுவதற்கு அடுத்தபடியாக வலிப்பைத் தூண்டுவது தூக்கக் குறைவுதான். தராவீஹ் முடிந்து இளைஞர்கள் கடைத்தெருவில் அமர்ந்து பேசி, ஒரு மணிக்குப் படுத்து, நான்கு மணிக்கு ஸஹருக்கு எழுகிறார்கள். (இது வலிப்பு இல்லாதவர்களுக்கும் நல்லதல்ல என்பது வேறு விஷயம்.) மாத்திரை உண்பவர் தராவீஹ் முடிந்ததும் நேரே வீடு சென்று உறங்கட்டும், லுஹருக்குப் பின்னும் சிறிது உறங்கட்டும். உடல் தளர்ந்த நாளில் தராவீஹை வீட்டிலேயே தொழுது கொண்டால் அவரை எவரும் குறை கூறலாகாது.

ஒரு வேளை மாத்திரை மறந்துபோனால் என்ன செய்வது என்று பலரும் கேட்கிறார்கள். சற்று நேரத்திலேயே நினைவு வந்தால் உண்டுவிட வேண்டும். அடுத்த வேளை நெருங்கிவிட்டதாயின் அவ்வேளைக்கு உரியதை மட்டும் உண்ண வேண்டும். இரண்டு வேளையையும் சேர்த்து இரட்டிப்பாக விழுங்கக் கூடாது. இது பொதுவான முறை. உங்கள் மருந்துக்கு வேறு முறை உண்டா என்பதை மருத்துவரிடம் முன்னதாகவே கேட்டு எழுதி வைத்துக் கொள்ளுங்கள். பகலில் கட்டாயம் உண்டாக வேண்டிய மாத்திரை என்றால் அதை உண்டு, அந்நோன்பைப் பின்னர் களாச் செய்து கொள்ளலாம்.

ரமழான் அல்லாத பதினொரு மாதங்களுக்கும் சேர்த்துச் சிலவற்றைச் சொல்ல வேண்டியுள்ளது.

எப்டாயின் என்று கடைகளில் வழங்கும் பெனிட்டாயின் மாத்திரை 1938-லிருந்து வலிப்புக்குப் பயன்பட்டு வருகிறது, விலையும் குறைவு. ஆனால் அதன் அளவு கத்தி முனையில் நடப்பது போன்றது. சிறிதளவு கூடினாலும் நடை தள்ளாடும், பார்வை இரண்டாகத் தெரியும், பேச்சு குழறும். இப்படித் தள்ளாடி வந்த ஒருவரைக் குடித்திருக்கிறார் என்று எண்ணி ஏசியவர்களை நான் அறிவேன். இத்தகைய அறிகுறி கண்டால் மாத்திரையை நிறுத்திவிடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஈறு தடித்து வீங்குவதும் இம்மருந்தின் விளைவுதான். பல் துலக்குதலிலும் மிஸ்வாக்கிலும் கவனமாக இருப்போருக்கு அது குறைவு. நம் மார்க்கம் வற்புறுத்திய பழக்கம் இங்கும் பயன் தருகிறது. மருந்துக் கடைக்காரர் "அந்தக் கம்பெனி இல்லை, இதுவும் அதேதான்" என்று வேறு நிறுவனத்தின் மாத்திரையைக் கொடுத்தால், மருத்துவரைக் கேட்டபின்பே வாங்குங்கள். ஏனைய நோய்களில் பொருட்படுத்த வேண்டாத சிறு வேறுபாடும் இந்நோயில் பொருட்படுத்த வேண்டியதாகிவிடும்.

கார்பமசெபின் அதாவது டெக்ரெடால் வகை மாத்திரையைப் புதிதாகத் தொடங்கியவருக்கு முதற்சில வாரங்களில் தோலில் தடிப்போ, வாயில் புண்ணோ, காய்ச்சலோ வந்தால் அதை வெயில் கொப்புளம் என்று விட்டுவிடக் கூடாது. அரிதாக அது தோல் முழுவதும் உரியும் கொடிய ஒவ்வாமையின் தொடக்கமாக இருக்கலாம். ஆசிய மக்களில் சிலருடைய மரபணுவில் இதற்கான வாய்ப்பு கூடுதலாக இருப்பது கண்டறியப்பட்டுள்ளது. மறுநாள் வரை காத்திராமல் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வேறு நோய்க்காக வேறு மருத்துவரிடம் செல்லும்போதெல்லாம் வலிப்பு மாத்திரையின் சீட்டைக் கையோடு கொண்டு செல்லுங்கள். காச நோய்க்கு உண்ணும் ஐசோனியாசிட் பெனிட்டாயினின் அளவை இரத்தத்தில் கூட்டும். ரிஃபாம்பிசின் அதைக் குறைக்கும். எரித்ரோமைசின் கார்பமசெபினின் அளவைக் கூட்டும். ட்ரமடால் என்னும் வலி நிவாரணி தானே வலிப்பைத் தூண்டக் கூடியது. இவற்றையெல்லாம் நாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. சீட்டைக் காட்டினால் போதும், மருத்துவர் பார்த்துக் கொள்வார். கடையில் கேட்டு வாங்கி உண்ணும் பழக்கத்தை மட்டும் விட்டொழிக்க வேண்டும். கற்பூரமும் யூகலிப்டஸ் தைலமும் கூட வலிப்பைத் தூண்டுவதாக மருத்துவர்கள் கண்டறிந்துள்ளார்கள். சளி பிடித்த குழந்தைக்குக் கற்பூரத்தை உள்ளுக்குக் கொடுக்கும் வழக்கம் எந்த வீட்டிலேனும் இருந்தால் இன்றோடு நிற்கட்டும்.

தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டியது மிகவும் முக்கியமானது. வால்ப்ரோயேட் என்னும் மருந்து நல்ல மருந்துதான். ஆயினும் கர்ப்ப காலத்தில் அதை உண்ட தாய்மார்களின் குழந்தைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுக்குப் பிறவிக் குறைபாடு ஏற்படுகிறது. நூறில் முப்பது நாற்பது குழந்தைகளுக்கு அறிவு வளர்ச்சியில் பின்னடைவு காணப்படுகிறது. ஆகவே திருமண வயதுப் பெண்ணுக்கு எந்த மருந்து ஏற்றது என்பதை நிக்காஹ்வுக்கு முன்பே மருத்துவரிடம் பேசி முடிவு செய்திடல் வேண்டும். கர்ப்பம் தரித்த பின் இச்செய்தியைக் கேள்வியுற்று அஞ்சி மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பெரும் வலிப்பு தாயையும் சேயையும் ஒருசேர அபாயத்தில் ஆழ்த்தும். அன்றே மருத்துவரைப் பாருங்கள். குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரைகள் சில, பெனிட்டாயின், கார்பமசெபின், பினோபார்பிடோன் ஆகியவற்றோடு சேரும்போது பயனற்றுப் போகலாம் என்பதையும் பெண் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள்.

இதைச் சொல்லும்போது இன்னொரு வேதனையையும் சொல்லாமல் இருக்க இயலவில்லை. பெண் பார்க்க வருவோரிடம் நோயை மறைக்கிறோம். புகுந்த வீட்டில் அந்தப் பெண் மாத்திரையை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்கிறாள். மாமியார் சமையலறையில் இருக்கும் நாளெல்லாம் ஒரு வேளை தவறிவிடுகிறது. தவறிய வேளைகள் சேர்ந்து ஒருநாள் அடுப்பின் முன்னாலேயே விழுகிறாள். மறைத்ததற்குப் பெற்றோரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. சொன்னால் ஏற்காத நம் சமுதாயத்தின் பங்கு அதைவிடப் பெரிது. நம் நாட்டில் இந்து திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் வலிப்பு நோய் திருமணத்திற்குத் தடையாக எழுதப்பட்டிருந்தது. 1999-இல் நாடாளுமன்றம் அச்சொல்லை நீக்கிவிட்டது. 1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண ரத்துச் சட்டத்திலோ வலிப்பு நோய் தொடக்கத்திலிருந்தே இடம்பெறவில்லை. சட்டங்கள் விட்டுவிட்டதை நம் பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் பேச்சுவார்த்தைகள் இன்னும் விடவில்லை. உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு இந்நோய் இருப்பதாகவும், முறையாக மருத்துவம் கிடைத்தால் நூறில் எழுபது பேர் வரை வலிப்பின்றி வாழ இயலும் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அவர்களுள் நம் மஹல்லாவின் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

ஜின், ஷைத்தான் என்னும் பேச்சுக்கு வருகிறேன். ஓதிப் பார்ப்பதை நான் மறுக்கவில்லை, நானும் ஓதுகிறேன். ஆனால் மாத்திரையை நிறுத்தினால்தான் ஓதுவேன் என்று சொல்பவரிடம் உங்கள் பிள்ளையை அழைத்துச் செல்லாதீர்கள். வலித்து விழும் பெண்மணி ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து துஆ வேண்டிய செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. அண்ணலார் அவரை ஒதுக்கவில்லை, கட்டி வைக்கச் சொல்லவில்லை. பொறுமைக்குச் சுவனத்தை நன்மாராயமாகக் கூறி, விழும்போது ஆடை விலகிவிடாதிருக்க வேண்டும் என்ற அவரது வேண்டுகோளுக்காகத் துஆவும் செய்தார்கள். நோயுற்றோர் மருந்து தேட வேண்டும் என்று ஏவியவர்களும் அவர்களே. இப்னு ஸீனா தமது மருத்துவப் பெருநூலில் இந்நோயை மூளை சார்ந்த நோயாகவே ஆராய்ந்துள்ளார்.

2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்க வைத்திருந்த கொட்டகை ஒன்று தீப்பற்றியதை இங்குள்ள பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்பியோட இயலாமல் 28 பேர் மாண்டார்கள். மருந்தை விட்டு விலக்கிப் பிணைத்து வைப்பதன் முடிவை அன்று நாடே கண்டது. அதற்கு மாறாக, குஜராத்தில் உனாவா என்னும் ஊரிலுள்ள மீரா தாதார் தர்காவில் 2008-இல் தொடங்கி, 'தவா'வும் துஆவும் சேர்ந்தே நடைபெறும் ஏற்பாடு ஒன்று உருவானது. ஓதுபவர்களே நோயாளிகளை மருத்துவரிடம் அனுப்பி வைக்கிறார்கள். நமக்கும் அதுவே வழி.

பன்றி இறைச்சியே உண்ணாத நமக்கு நாடாப்புழுவால் வரும் வலிப்பு வருமா என்றும் சிலர் கேட்பதுண்டு. வரும். அப்புழுவின் முட்டை அசுத்தமான நீராலும், கழுவாத கீரை காய்களாலும், கழுவாத கையாலும் பரவுகிறது. நியூயார்க் நகரில் பன்றியைத் தொடாத யூதக் குடும்பங்களில் இந்நோய் கண்டதை மருத்துவர்கள் 1992-இல் எழுதியுள்ளார்கள். நோன்புக் கஞ்சிக்குக் கொத்தமல்லி, புதினா அரியும் சகோதரர்கள் அவற்றை நன்கு அலசிப் போடவும்.

ஒருவர் நம் கண்முன் வலித்து விழுந்தால் என்ன செய்வது? கையில் சாவியைத் திணிக்க வேண்டாம். இரும்புக்கும் வலிப்புக்கும் ஒரு தொடர்பும் இல்லை. பற்களுக்கிடையே கரண்டியை நுழைக்க வேண்டாம், கை கால்களை அழுத்திப் பிடிக்க வேண்டாம், வாயில் தண்ணீர் ஊற்றவே வேண்டாம். அது மூச்சுக் குழலில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கடியில் துண்டை மடித்து வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்திற்கு மேல் நீடித்தாலோ, நினைவு திரும்புமுன் மீண்டும் வந்தாலோ 108-ஐ அழையுங்கள். மூக்கில் தெளிக்கும் மருந்தை மருத்துவர் கொடுத்திருந்தால் நோன்பைப் பற்றி யோசிக்காமல் தெளியுங்கள், உயிர் முந்தியது. சிறிது நேரம் வலித்துத் தெளிந்ததால் மட்டும் நோன்பு முறிந்துவிடாது. ஆனால் நினைவு தவறியதால் ஒளு முறிந்துவிடும். மீண்டும் ஒளுச் செய்தே தொழ வேண்டும்.

இடங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாகூர் ஏரியும் ஊசுட்டேரியும் சங்கராபரணி ஆறும் நம் பிள்ளைகளை அழைத்துக் கொண்டேயிருக்கும். மாத்திரை உண்பவர் அவற்றிலும் மோட்டார் கொட்டகைத் தொட்டியிலும் தனியே இறங்கக் கூடாது. வீட்டில் குளிக்கும்போது தாழ்ப்பாள் போட வேண்டாம். பிறை பார்க்கக் கைப்பிடிச் சுவரில்லாத மாடியில் ஏற வேண்டாம். கஞ்சிக் கொப்பரை அருகே நிற்கும் பணியை வேறொருவர் ஏற்கட்டும். அவருக்குப் பந்தியில் பரிமாறும் நன்மை இருக்கிறது. வாகன உரிமத்திற்கான படிவத்திலேயே வலிப்பு உண்டா என்று கேட்கப்பட்டிருக்கிறது. பொய் சொல்லி வண்டி ஓட்டுபவர் தம் உயிரோடு பிறர் உயிரையும் பணயம் வைக்கிறார். உம்ராவுக்கும் ஹஜ்ஜுக்கும் செல்வோர் முழுப் பயணத்திற்கும் தேவையான மாத்திரைகளை, மருத்துவர் கடிதத்துடன், கைப்பையிலேயே வைத்துக் கொள்ளட்டும். இம்மருந்துகளில் சில சவூதியில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை.

வில்லியனூரிலும் பாகூரிலும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் உள்ளன; மேல் சிகிச்சைக்குக் கதிர்காமத்தில் இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரியும் கோரிமேட்டில் ஜிப்மரும் உள்ளன. நோன்புக்கு இன்னும் நாட்கள் இருக்கின்றன. மாத்திரை உண்பவர் ஒவ்வொருவரும் இவ்வாரத்திலேயே சீட்டுடன் சென்று மருத்துவரைக் கேட்டு வாருங்கள். துணைக்கு ஆள் இல்லாதவர்கள் அஸருக்குப் பின் என்னிடம் சொல்லுங்கள். நானோ மோதினாரோ உடன் வருகிறோம். நம் பள்ளியின் ஹவ்ள் ஆழமானது. ஆகவே அவர்களுக்காகத் தெற்குச் சுவரோரம் உள்ள குழாய்களுக்கு முன்னால் அமர்ந்து ஒளுச் செய்ய மூன்று கல் இருக்கைகள் போட்டுத் தருவதாக நிர்வாகிகள் ஒப்புக் கொண்டிருக்கிறார்கள். எவர் அமர்ந்தாலும், அவர் ஏன் அங்கே அமர்கிறார் என்று எவரும் கேட்க வேண்டாம்.